ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும் டப்பா க்ரீம்: வாங்கலாமா?

உள்ளங்கையில் அடங்கும் வட்ட டப்பா. எடை 28 அல்லது 30 கிராம். மூடியில் முத்து, ரோஜா, அல்லது ஒரு பெண்ணின் முகம். 'பியூட்டி க்ரீம்', 'ஒயிட்டனிங் க்ரீம்', 'நைட் க்ரீம்' என்று ஏதோ ஒரு பெயர். ஃபேன்சி ஸ்டோர், பியூட்டி பார்லர், வெளிநாட்டிலிருந்து வருபவரின் பெட்டி, இன்ஸ்டாகிராம் கடை, வாட்ஸ்அப் குழு என்று எல்லா வழியிலும் கைக்கு வந்துவிடுகிறது. பாகிஸ்தான், தாய்லாந்து, சீனத் தயாரிப்புகள் இதில் அதிகம். பெயரே இல்லாத வெள்ளை டப்பாவில் பார்லரிலேயே அடைத்துக் கொடுப்பதும் உண்டு. ஏழு நாளில் மங்கு மறையும், பதினைந்து நாளில் நிறம் கூடும் என்பது விற்பவர் தரும் உறுதி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். காரணத்தையும், நிறுத்தியபின் செய்யவேண்டியதையும் கீழே எழுதியிருக்கிறோம்.

க்ரீம் வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. அதுதான் கவலை. தோலில் மெலனின் என்ற நிறமி உருவாக டைரோசினேஸ் என்ற நொதி தேவை. அந்த நொதியின் நடுவே தாமிர அணுக்கள் இருக்கின்றன. இந்த க்ரீம்களில் பலவற்றில் கலந்திருக்கும் பாதரச உப்பு தோலுக்குள் போனதும் தாமிரத்தின் வேலையைக் கெடுத்து நொதியை முடக்கிவிடுகிறது. நிறமி உற்பத்தி நின்றுபோவதால் ஒன்றிரண்டு வாரத்திலேயே முகம் வெளுத்துத் தெரிகிறது. நியாசினமைடு, வைட்டமின் சி, அசெலாயிக் அமிலம் போன்ற முறையான பொருட்கள் எதுவும் இந்த வேகத்தில் வேலை செய்வதில்லை; அவற்றுக்குக் குறைந்தது எட்டு வாரம் பிடிக்கும். எனவே ஒரு வாரத்தில் பலன் தரும் க்ரீமில் பாதரசமோ, ஸ்டீராய்டோ, இரண்டுமோ இருக்கிறது என்று சந்தேகிப்பதே சரி. கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் அந்த வேகமே முதல் எச்சரிக்கை.

இந்த க்ரீம்களில் சேர்க்கப்படும் பாதரச உப்பு பெரும்பாலும் மெர்க்குரஸ் குளோரைடு அல்லது அம்மோனியா கலந்த மெர்க்குரிக் குளோரைடு. முதலாவது, சித்த மருத்துவத்தில் பூரம் என்று சொல்லப்படும் அதே சரக்கு. விலை மலிவு, வெள்ளை நிறம், வாசனை கிடையாது. க்ரீமில் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

அளவைப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோ க்ரீமில் ஒரு மில்லிகிராம். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள், தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசத்துக்கு 1 பிபிஎம் வரை மட்டுமே இடம் தருகின்றன. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருட்களுக்கு மட்டும் கிருமித்தடுப்புக்காக 70 பிபிஎம் வரை விலக்கு உண்டு. வெளுப்பு க்ரீம்களிலோ பாதரசம் ஆயிரக்கணக்கான பிபிஎம்மில் இருக்கிறது. 15,000 பிபிஎம் உள்ள 30 கிராம் டப்பாவில் 450 மில்லிகிராம் பாதரசம். பழைய கண்ணாடிக் காய்ச்சல்மானி ஒன்றில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். முகம் முழுவதும் ஒருமுறை பூச ஒரு கிராம் க்ரீம் வேண்டும். அப்படியானால் ஒவ்வோர் இரவும் 15 மில்லிகிராம் பாதரசம் தோல்மேல் எட்டு மணிநேரம் கிடக்கிறது. விதிக்கு உட்பட்ட க்ரீமில் அதே ஒரு கிராமில் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க முடியாது.

இது மிகைப்படுத்திய உதாரணம் இல்லை. பாதரசத்துக்கு எதிராக இயங்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று 22 நாடுகளில் 338 க்ரீம்களை வாங்கிச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. 34 க்ரீம்களில் 93 முதல் 16,353 பிபிஎம் வரை பாதரசம் இருந்தது. பாகிஸ்தானின் பருவநிலை மாற்ற அமைச்சகமே தன் நாட்டு வெளுப்பு க்ரீம்கள் 59ஐச் சோதித்தபோது 56 வரம்பை மீறியிருந்தன. எல்லா க்ரீமையும் இதே கணக்கில் சேர்த்துவிடவும் கூடாது. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் இந்தியச் சந்தையின் 32 ஃபேர்னெஸ் க்ரீம்களைச் சோதித்தது. 14இல் பாதரசம் தென்பட்டது; ஆனால் அளவு 0.10 முதல் 1.97 பிபிஎம் வரைதான். 1ஐத் தாண்டியது தவறு, கேள்வி கேட்கப்பட வேண்டியது. ஆனாலும் அந்த அளவுக்கும் பதினாறாயிரத்துக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருக்கிறது. ஒன்று மூலப்பொருளோடு ஒட்டிவந்த அழுக்கு. மற்றது வேண்டுமென்றே அளந்து போட்ட நஞ்சு.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2018இல் ஒப்புதல் தந்தது. 1 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020க்குள் நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அந்த 1 பிபிஎம் சலுகையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவும் 2025க்குப் பின் கூடாது என்று முடிவெடுத்தன. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. டப்பா சட்டத்தின் வழியாகக் கடைக்கு வருவதில்லை.

உடலுக்குள் போனபின் பாதரச உப்பு போய்ச் சேரும் முக்கிய இடம் சிறுநீரகம். அங்கே தங்கி மெல்லத்தான் வெளியேறும். பாதி வெளியேறவே ஒன்றிரண்டு மாதம் ஆகும். தினமும் பூசினால் வெளியேறுவதைவிடச் சேர்வதே அதிகம். சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப்போய், இரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்று மருத்துவர்கள் சொல்லும் நோய் இது. அதில் 'நெல்-1' என்ற புரதம் தொடர்புடைய ஒரு வகையைப் பாதரசத்தோடு சேர்த்துப் பார்க்கத் தூண்டிய சான்றுகளில் முக்கியமானது நம் அண்டை மாநிலத்திலிருந்து வந்தது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். ஆனால் ஒருவருக்கு மூளையின் சிரையில் இரத்தம் உறைந்தது. புரதம் அதிகமாக ஒழுகும்போது இரத்தம் எளிதில் உறையும் என்பதால் வரும் ஆபத்து அது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தத் தொடங்கியதும் இதே காலத்தில்தான்.

அறிகுறிகள் சத்தமில்லாமல் வரும். சிறுநீர் நுரைத்து, தண்ணீர் ஊற்றியும் நுரை அடங்காமல் நிற்பது. காலையில் கண்ணிமை வீங்கியிருப்பது. மாலையில் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுவது. ஒன்றிரண்டு வாரத்தில் காரணமில்லாமல் எடை கூடுவது. கூடவே கைநடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி, வாயில் உலோகச் சுவை. இவற்றோடு மருத்துவரைப் பார்க்கும் பெண்கள் க்ரீமைப் பற்றிச் சொல்வதே இல்லை, ஏனென்றால் அதை யாரும் மருந்தாகவோ நஞ்சாகவோ நினைப்பதில்லை. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முடிந்தால் டப்பாவையும் எடுத்துப் போங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பாதரசம் சேர்ந்த பாரம்பரிய மருந்துகளாலும் இதே நெல்-1 வகை நோய் வருவதை 2022இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

பூசுபவரோடு இது நிற்பதில்லை. பாதரசம் ஆவியாகக்கூடியது, தலையணை உறை, துண்டு, சோபா, கைகள் வழியாகவும் பரவும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் 2010இல் ஐந்து குடும்பங்களை ஆராய்ந்தபோது, மெக்சிகோவிலிருந்து வந்த க்ரீம்களில் 2 முதல் 5.7 சதவீதம் பாதரசம் இருந்தது. க்ரீமையே தொடாத குழந்தைகளின் சிறுநீரிலும் பாதரசம் உயர்ந்திருந்தது. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிவது, விடாத அழுகை, மிகையான வியர்வை, உயர்ந்த இரத்த அழுத்தம் என்று வந்தால் அது பாதரச நஞ்சின் தனி வடிவமாக இருக்கலாம். கர்ப்பிணியிடமிருந்து கருவுக்கும், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் பாதரசம் போகும். வீட்டில் ஒருவர் பூசியிருந்தால் எல்லோரையும் சோதிப்பதுதான் முறை.

இனி, டப்பாவைக் கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது? பொருட்பட்டியலில் பாதரசம் என்று எழுதியிருக்க மாட்டார்கள். அரிதாகக் 'கேலோமெல்', 'மெர்க்குரியோ', 'சின்னபாரிஸ்', 'மெர்க்குரிக்' என்ற சொற்கள் தென்படலாம். அதைவிட நம்பகமான தடயம் ஒன்று உண்டு: "தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர், நகைகள் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்ற குறிப்பு. பாதரசம் இந்த உலோகங்களோடு சேர்ந்து அவற்றைக் கெடுக்கும் என்பதாலேயே அப்படி எழுதுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் இதை ஓர் அடையாளமாகச் சொல்கிறது. வெளிச்சத்தில் வைத்த க்ரீம் சாம்பல் நிறத்துக்கு மாறினால் இன்னொரு தடயம், ஏனென்றால் பூரம் ஒளிபட்டால் சிதைந்து கறுக்கும். மாறவில்லை என்பதால் பாதரசம் இல்லை என்று ஆகாது.

காகித வழியில் பார்த்தால், இந்தியாவில் சட்டப்படி விற்கும் இறக்குமதி க்ரீமில் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் சான்றிதழ் வைத்திருப்பவரின் முகவரியும் இருக்கவேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, பயன்படுத்தும் கடைசி நாள், முழுப் பொருட்பட்டியல் ஆகியவை இருக்கவேண்டும். இவற்றில் எது இல்லாவிட்டாலும் விலகிவிடுங்கள். பிரபலமான பெயர் காப்பாற்றாது: 'கோரி' போன்ற பாகிஸ்தான் க்ரீம்கள் பன்னாட்டுச் சோதனைகளில் திரும்பத் திரும்பச் சிக்கியிருக்கின்றன, அவற்றுக்குப் போலிகளும் ஏராளம். மலேசியத் தமிழர்கள் அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை முகமையான என்பிஆர்ஏவின் தளத்திலும், சிங்கப்பூர்வாசிகள் தங்கள் நாட்டு முகமையான எச்எஸ்ஏவின் அறிவிப்புகளிலும் ரத்தான க்ரீம்களின் பெயர்களைத் தேடிப்பார்க்கலாம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகிய நான்கும் அந்த அறிவிப்புகளில் அடிக்கடி வரும் பெயர்கள்.

தங்க மோதிரத்தால் தேய்த்துப் பார்க்கும் வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள். க்ரீமில் துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டைஆக்சைடோ இருந்தால் அந்தக் கடினத் துகள்களே தங்கத்தைச் சுரண்டிக் கறுப்புக் கோடு விழவைக்கும். நல்ல சன்ஸ்கிரீன்கூட இதில் தோற்கும். பாதரச உப்பு உள்ள க்ரீம் தேறியும் விடலாம். கரண்டியில் வைத்துச் சூடாக்கும் வீடியோக்கள் இன்னும் மோசம். சூட்டில் பாதரசம் ஆவியாகி நேரே நுரையீரலுக்குப் போகும்.

உண்மையான விடை ஆய்வகத்தில்தான். ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பாருங்கள். அழகுசாதனத்தில் பாதரசம் என்பது அந்த அங்கீகாரத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று கேளுங்கள், பல ஆய்வகங்களுக்கு நீரும் உணவும் மட்டுமே வரும். பிரிக்காத டப்பா இரண்டு கொடுப்பது நல்லது. ஒன்று சோதனைக்கு, ஒன்று சர்ச்சை வந்தால் மறுசோதனைக்கு. ஐசிபி-எம்எஸ் அல்லது குளிர் ஆவி அணு உறிஞ்சல் முறை என்று எழுதிக் கேளுங்கள். மாதிரியை அமிலத்தில் கரைப்பதை மூடிய மைக்ரோவேவ் கலனில் செய்யவேண்டும். திறந்த பீக்கரில் கொதிக்கவைத்தால் பாதரசம் பறந்துபோய், நஞ்சுள்ள க்ரீமுக்கும் 'இல்லை' என்று அறிக்கை வரும். அளவிடும் கீழ்வரம்பு 0.1 பிபிஎம் அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். எக்ஸ்-கதிரால் உலோகத்தைக் கண்டறியும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி டப்பாவைக் கெடுக்காமல் ஒரே நிமிடத்தில் ஆயிரக்கணக்கான பிபிஎம்மைக் காட்டிவிடும். கடைக்குக் கடை சோதிக்க அருமையான கருவி, ஆனால் 1 பிபிஎம் வரம்பைத் தீர்மானிக்க அது போதாது. ஸ்டீராய்டை இந்த முறைகள் எதுவும் காட்டாது. அதற்கு எச்பிஎல்சி என்ற சோதனையைத் தனியாகக் கேட்டுப் பணம் கட்ட வேண்டும்.

உங்கள் உடலில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, இரத்தத்தைவிடச் சிறுநீரே பொருத்தம். சூரை, சுறா போன்ற பெரிய மீன்கள் சாப்பிடுபவர்களின் இரத்தத்தில் மீனிலிருந்து வந்த மெத்தில் பாதரசமே எண்ணை உயர்த்திவிடும்; சிறுநீரில் அதன் பங்கு மிகக் குறைவு. காலையின் முதல் சிறுநீரையோ 24 மணிநேரச் சிறுநீரையோ ஆய்வகம் தரும் உலோகக் கலப்பில்லாத பிளாஸ்டிக் குப்பியில் பிடித்து, சிறுநீரில் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். கையில் க்ரீம் ஒட்டியிருந்தால் மாதிரியே கெட்டுவிடும், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிடியுங்கள். வழக்கமாக லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கும். அதைத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். கூடவே சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையும், புரத-கிரியாட்டினின் விகிதமும் செய்யுங்கள். விகிதம் 0.2க்குக் கீழ் இருக்க வேண்டும். 3ஐத் தாண்டினால் அன்றே சிறுநீரக மருத்துவரிடம் போங்கள்.

ஒரு விதிவிலக்கு. கை, வாய் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் இருந்தால் இரத்தப் பரிசோதனையும் கட்டாயம். 2019இல் கலிஃபோர்னியாவில் 47 வயதுப் பெண் ஒருவர் பூசிய க்ரீமில் 12,000 பிபிஎம் பாதரசம் இருந்தது. அது மூளையைத் தாக்கும் மெத்தில் பாதரச வகை. இரத்தத்தில் லிட்டருக்கு 2,620 மைக்ரோகிராம் இருந்தபோது சிறுநீரில் 110தான் காட்டியது. சிறுநீரை மட்டும் பார்த்திருந்தால் பாதிப்பின் அளவு தெரிந்திருக்காது.

பாதரசத்தை வெளியேற்றும் மருந்துகளை மருத்துவமனை மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும். 'டீடாக்ஸ்' பொடிகளும் கஷாயங்களும் பாதரசத்தை அகற்றுவதில்லை. பெனிசிலமைன் என்ற பழைய மருந்தைத் தாமாக வாங்கிச் சாப்பிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மருந்தே மேலே சொன்ன சிறுநீரக நோயை வரவழைக்கக்கூடியது. பெரும்பாலானவர்களுக்கு க்ரீமை நிறுத்துவதே முதல் மருந்து, சிறுநீரில் புரதம் குறைய மாதங்கள் ஆகும்.

நிறுத்திய பிறகு முகம் முன்பைவிடக் கறுக்கும். முடக்கிய நொதி திரும்ப வேலை செய்வதால் இப்படி ஆகிறது. பலர் இந்தக் கட்டத்தில்தான் பயந்து மறுபடியும் டப்பாவைத் திறக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு பூசியவர்களுக்கு பாதரசமே தோலில் படிந்து நீலம் கலந்த சாம்பல் நிறம் தங்கிவிடுவதும் உண்டு. க்ரீமில் ஸ்டீராய்டும் இருந்திருந்தால் சிவப்பு, எரிச்சல், பருக்கள் பொங்கி வரும். அதற்குத் தோல் மருத்துவர் வேண்டும், இன்னொரு க்ரீம் வேண்டாம்.

மற்ற உலோகங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈயம் முகக் க்ரீமைவிடக் கண்ணுக்கு இடும் சுர்மாவிலும், செந்தூரம் என்ற சிவப்பு ஈயச் சேர்மம் கலந்த மலிவான குங்குமத்திலும் கவலைக்குரியது. நிறமிகளில் ஈயம் 20, ஆர்செனிக் 2 பிபிஎம் என்பது இந்திய வரம்பு. நிக்கலும் குரோமியமும் பெரும்பாலும் ஒவ்வாமை தருபவை. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு, இரும்பு ஆக்சைடு ஆகியவற்றைப் பட்டியலில் பார்த்து அஞ்ச வேண்டாம், அவை சன்ஸ்கிரீனின் வேலைக்காரர்கள்.

மங்குக்கு என்னதான் பூசுவது? முதலில் சன்ஸ்கிரீன்: எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், முடிந்தால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயல் உள்ளது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். அதை வெள்ளை சன்ஸ்கிரீன் போதுமான அளவு தடுப்பதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியே இருந்தால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. இரவில் 10 முதல் 20 சதவீத அசெலாயிக் அமிலம் அல்லது 4, 5 சதவீத நியாசினமைடு. அசெலாயிக் அமிலத்தைக் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். இயற்கை நிறத்தை மாற்ற எந்த க்ரீமும் தேவையில்லை, அப்படி மாற்றுவதற்குப் பாதுகாப்பான வழியும் கிடையாது.

மிச்சமிருக்கும் டப்பாவை வாஷ்பேசினில் கழுவி ஊற்றாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு மூடி, உடைந்த காய்ச்சல்மானியைப் போல வீட்டு அபாயக் கழிவாக உள்ளாட்சி ஊழியரிடம் தனியாகக் கொடுங்கள். அது பட்ட தலையணை உறை, துண்டுகளையும் அதே பையில் போடுங்கள். புகார் கொடுக்க நினைத்தால் தூக்கிப்போடும் முன் டப்பாவின் நான்கு பக்கமும் படம் எடுத்து, ரசீதையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் கொடுங்கள். 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் க்ரீமைச் சோதனைக்கு அனுப்பலாம். கையொப்பமிட்ட அறிக்கை உங்கள் பெயருக்கு வரும்.